அறிஞர் மெண்டலீவும் ஒரு காலிக் கட்டமும்

அறிவியல் வானில் சுடர்விட்ட பேரறிஞர்களுள் திமீத்ரி இவானவிச் மெண்டலீவ் தனியிடம் பெற்றவர். வேதியியல் கற்பிக்கும் பள்ளி எதுவாயினும் அதன் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையே அவருக்கு நினைவுச் சின்னம். அந்த அட்டவணையில் அவர் நிரப்பிய கட்டங்களைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவர் நிரப்பாமல் விட்ட கட்டங்களைப் பற்றி அவ்வளவாகப் படிப்பதில்லை. அவற்றுள் ஒன்றிலிருந்துதான், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் இருந்த பாதரசம் என்னும் நஞ்சுக்கு மாற்றுப் பொருள் பிற்காலத்தில் கிடைத்தது. அந்த வரலாற்றோடு சேர்த்து அவருடைய வாழ்க்கையை இங்கே காண்போம்.

பனி நாட்டில் பிறந்த பிள்ளை

ரஷ்ய நாட்டின் சைபீரியப் பகுதியில் தொபோல்ஸ்க் என்பது ஒரு பழைய நகரம். ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் அந்த ஊரில் 1834-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் மெண்டலீவ் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் அவரே கடைக்குட்டி. தந்தை இவான் பாவ்லவிச் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். மகன் பிறந்த அதே ஆண்டில் தந்தையின் கண் பார்வை போயிற்று. வேலையும் போயிற்று. கிடைத்த சொற்ப ஓய்வூதியம் அத்தனை பேரின் பசிக்குப் போதவில்லை.

அப்போது குடும்பப் பாரத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவர் தாய் மரியா. அவருடைய பிறந்த வீட்டாருக்கு அருகிலிருந்த சிற்றூரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. அதை எடுத்து நடத்தி, அதன் வருவாயில் பிள்ளைகளை வளர்த்தார் அந்த அம்மையார். ஒரு பெண் தொழிற்சாலை நடத்துவது அரிதாயிருந்த காலம் அது. உலையில் மணல் உருகிக் கண்ணாடியாவதைச் சிறுவன் மெண்டலீவ் அருகிருந்து பார்த்து வளர்ந்தான். பொருள்கள் எதனால் ஆனவை, சூடேற்றினால் ஏன் மாறுகின்றன என்னும் கேள்விகள் அவனுக்கு ஏட்டில் வருவதற்கு முன்பே உலையடியில் வந்துவிட்டன. அரசியல் காரணங்களால் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த கல்விமான் ஒருவர் அவனுடைய அக்காளை மணந்திருந்தார். அவர் சொல்லித் தந்த அறிவியல் பாடங்கள் அந்த ஆர்வத்துக்கு நெய் வார்த்தன.

அன்னையின் நெடும் பயணம்

1847-இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு தொழிற்சாலை தீப்பற்றி எரிந்து சாம்பலாயிற்று. இரண்டு இடிகள் அடுத்தடுத்து விழுந்தும் மரியா அம்மையார் கலங்கி உட்கார்ந்துவிடவில்லை. கடைசி மகனைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தே தீருவது என்று உறுதி பூண்டார். கையில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, மகனையும் ஒரு மகளையும் கூட்டிக்கொண்டு, 1849-இல் மாஸ்கோவுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தூரம். சைபீரியாவில் இரயில் ஓடாத காலம். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த அந்தத் தாய் குதிரை வண்டியில் அந்தத் தொலைவைக் கடந்தார்.

மாஸ்கோவில் கதவு திறக்கவில்லை. வேறு பகுதி மாணவன் என்று கூறிப் பல்கலைக்கழகத்தில் இடம் மறுத்துவிட்டார்கள். தாய் மீண்டும் மூட்டையைக் கட்டினார். தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்குக்குச் சென்றார். முன்பு கணவர் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 1850-இல் மகனுக்கு இடம் கிடைத்தது. வந்த காரியம் முடிந்தது என்பதுபோல் அதே ஆண்டிலேயே அவர் கண் மூடினார். உடன் வந்த சகோதரியும் காச நோயால் சிறிது காலத்தில் இறந்து போனார்.

பின்னாளில், 1887-இல், கரைசல்களைப் பற்றிய தம் பெரிய ஆராய்ச்சி நூலை மெண்டலீவ் தம் தாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். தொழிற்சாலை நடத்தி, அன்பால் திருத்தி, கடைசிக் காசையும் கடைசி வலிமையையும் தம் கல்விக்காகச் செலவிட்டவர் அவர் என்பதை அதில் நன்றியோடு பதிவு செய்தார்.

ஒழுங்கைத் தேடிய ஆசிரியர்

தாயை இழந்த மாணவனையும் நுரையீரல் நோய் வாட்டியது. படுக்கையில் இருந்தபடியே படித்ததுண்டு. ஆயினும் 1855-இல் தங்கப் பதக்கத்துடன் தேறினார். உடல்நலம் கருதித் தென்பகுதிக்குச் சென்று பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பிறகு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஆராய்ச்சி செய்தார். 1860-இல் கார்ல்ஸ்ரூஹே நகரில் கூடிய வேதியியல் மாநாட்டில் கலந்துகொண்டார். அணு எடைகளைச் சரியாகக் கணக்கிடும் முறையை இத்தாலிய அறிஞர் கன்னிசாரோ அங்கே எடுத்துரைத்தார். அது மெண்டலீவின் மனத்தில் ஆழப் பதிந்தது.

நாடு திரும்பிப் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பெண்களுக்கென நடந்த உயர்கல்வி வகுப்புகளிலும் அவர் வேதியியல் கற்பித்தார். பெண்கள் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர முடியாதிருந்த காலத்தில் அது பெரிய காரியமே.

மாணவர்களுக்கு நல்ல பாடநூல் இல்லையே என்று தாமே எழுதத் தொடங்கினார். அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. எதை முதலில் சொல்வது, எதை எதனோடு சேர்ப்பது? ஒழுங்கில்லாமல் அடுக்கினால் மாணவர் மனத்தில் நிற்காது. இந்த ஆசிரியக் கவலையில் பிறந்ததே தனிம வரிசை அட்டவணை. அணு எடை ஏற ஏறத் தனிமங்களை எழுதிக்கொண்டு போனால், குறிப்பிட்ட இடைவெளியில் அதே குணங்கள் திரும்பி வருவதை அவர் கண்டார். 1869 மார்ச்சு மாதத்தில் அந்த அட்டவணை வெளியாயிற்று.

வினாக்குறி இட்ட துணிவு

தனிமங்களை வகைப்படுத்த முயன்றவர் அவர் ஒருவரே அல்லர். அவருடைய சிறப்பு வேறொன்றில் இருக்கிறது. அலுமினியத்தின் குடும்பத்தில் ஓர் இடத்துக்கு வந்தபோது பொருந்தக்கூடிய தனிமம் எதுவும் இல்லை. அடுத்துக் கிடைத்ததை இழுத்து அங்கே உட்கார வைத்திருந்தால் அட்டவணை பார்வைக்கு நிறைவாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு வினாக்குறியையும் 68 என்னும் எண்ணையும் எழுதி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

1871-இல் இன்னும் ஒருபடி மேலே சென்றார். அந்த இடத்துக்கு உரிய, அதுவரை எவரும் கண்டிராத தனிமத்துக்கு ஏக-அலுமினியம் என்று பெயரிட்டார். நமக்குப் பழக்கமான ஏகம் என்னும் வடசொல்லே அது. அலுமினியத்துக்கு அடுத்து ஒன்று என்பது கருத்து. அதன் அணு எடை 68-ஐ ஒட்டி இருக்கும்; அடர்த்தி ஏறத்தாழ 5.9 இருக்கும்; எளிதில் உருகும்; நிறமாலைக் கருவியின் உதவியால் கண்டுபிடிக்கப்படும் என்று எழுதினார். பார்க்காத பிள்ளைக்கு அங்க அடையாளம் எழுதியது போன்ற செயல் இது. பலர் நம்பவில்லை.

இண்டியம் என்னும் உலோகத்துக்கும் அவரால் நீதி கிடைத்தது. 1863-இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட அதன் இணைதிறன் இரண்டு என்று கொண்டு அணு எடையை 75.6 என்று கணித்திருந்தார்கள். அந்த எடைக்கு அட்டவணையில் இடமே இல்லை. 1869-இல் அதை ஓர் ஓரத்தில் கேள்விக்குறியோடு வைத்திருந்த மெண்டலீவ், இணைதிறன் மூன்றாக இருக்க வேண்டும் என்று பின்பு முடிவு செய்தார். அப்படியானால் எடை ஒன்றரை மடங்கு, அதாவது 113. இப்போது அது காலி இடத்தின் கீழே, அதே குடும்பத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. இன்றைய அளவீடு 114.8.

பாதரசத்தையும் அவர் முதலில் செம்பு, வெள்ளியோடு தவறாகச் சேர்த்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் துத்தநாகம், காட்மியம் வரிசைக்கு அதை மாற்றினார். தம் அட்டவணையைத் தாமே திருத்த அவர் ஒருநாளும் வெட்கப்படவில்லை.

கட்டம் நிரம்பியது

பிரான்சு நாட்டில் கோன்யாக் என்னும் ஊரில் லெக்கோக் டி புவாபோத்ரான் என்பவர் இருந்தார். மது வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர், வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து நிறமாலைகளை ஆராய்ந்தவர். 1875 ஆகஸ்டில் பிரனீஸ் மலையிலிருந்து வந்த துத்தநாகத் தாதுவைச் சோதித்தபோது, அதுவரை கண்டிராத இரண்டு ஊதா நிறக் கோடுகள் தெரிந்தன. தம் நாட்டின் பழம் பெயராகிய காலியா என்பதை ஒட்டி அந்தப் புதிய தனிமத்துக்குக் காலியம் என்று பெயர் சூட்டினார். காலிக் கட்டத்துக்குக் காலியம் வந்தது தமிழ் காதுக்கு வேடிக்கையாக ஒலிக்கிறது; அது தற்செயலே.

அதன் அடர்த்தி 4.7 என்று புவாபோத்ரான் அறிவித்தார். தொலைவில் இருந்த மெண்டலீவ், இது தாம் சொன்ன ஏக-அலுமினியமே என்றும், அடர்த்தி 5.9-க்குக் குறையக் கூடாது என்றும், மாதிரி தூய்மையாக இல்லாதிருக்கலாம் என்றும் தெரிவித்தார். உலோகத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு, அதைக் கண்ணால் காணாதவர் திருத்தம் சொல்கிறார்! ஆனால் புவாபோத்ரான் சினம் கொண்டு ஒதுக்கிவிடவில்லை. மறுபடியும் தூய்மை செய்து அளந்தார். விடை 5.9. முன்னவரின் துணிவைப் போலவே பின்னவரின் பெருந்தன்மையும் நாம் போற்றத் தக்கது.

அவர் முன்னறிவித்த வேறு இரு தனிமங்கள் ஸ்காண்டியம் என்று 1879-லும், ஜெர்மானியம் என்று 1886-லும் கண்டெடுக்கப்பட்டன. உலகம் அவரைப் போற்றியது. 1882-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் டேவி பதக்கம், 1905-இல் காப்ளி பதக்கம் ஆகியவை வந்தன. நோபல் பரிசு மட்டும் வரவில்லை. அவரும் எல்லாவற்றிலும் சரியாக இருந்துவிடவில்லை. எலக்ட்ரான் என்னும் நுண்துகளைப் பற்றிய புதிய கருத்துகளை முதுமையில் ஏற்க மறுத்தார். அவர் முன்னறிவித்தவற்றுள் சில தனிமங்கள் இல்லவே இல்லை என்று பின்னர்த் தெரிந்தது.

அஞ்சாமை அவருடன் பிறந்தது. 1887-இல் சூரிய கிரகணத்தைக் காணத் தன்னந்தனியே பலூனில் ஏறி மேகங்களுக்கு மேலே சென்று வந்தார். 1890-இல் மாணவர்களின் கோரிக்கை மனுவை அமைச்சரிடம் எடுத்துச் சென்று, அது ஏற்கப்படாததால் பேராசிரியர் பதவியைத் துறந்தார். பிறகு நாட்டின் எடை, அளவுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்று இறுதிவரை உழைத்தார். 1907 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. 1955-இல் செயற்கையாக உருவாக்கப்பட்ட 101-ஆம் தனிமத்துக்கு மெண்டலீவியம் என்று பெயரிட்டு அறிவியல் உலகம் நன்றி செலுத்தியது.

பாதரசத்தின் மறுமுகம்

இனி அந்தக் காலிக் கட்டம் நமக்கு என்ன செய்தது என்று பார்ப்போம். பாதரசம் அழகான பொருள். சாதாரண வெப்பத்தில் நீர்மமாக இருக்கும் உலோகம். கண்ணாடியில் ஒட்டாது, சூட்டுக்குச் சீராக விரியும். ஆகவே 1714-இல் ஃபாரன்ஹீட் அதை வெப்பமானியில் பயன்படுத்தியதிலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அதுவே கோலோச்சியது. ஆனால் அது ஓசையின்றி ஆவியாகும். அந்த ஆவிக்கு மணமில்லை, நிறமில்லை. மூச்சோடு உட்சென்று நரம்புகளையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீர்நிலையில் சேர்ந்தால் மீனில் ஏறி, மீனை உண்பவருக்கு வரும். ஜப்பானில் மினமாட்டா என்னும் கடலோர ஊரில் 1956-இல் வெளிப்பட்ட கொடிய நோய்க்குப் பாதரசக் கழிவே காரணம்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கொடைக்கானலிலேயே 1980-களில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் ஓடிய பழைய இயந்திரங்களைக் கொண்டுவந்து அங்கே நிறுவினார்கள். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பல டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை 2001-இல் மக்கள் கண்டு வெளிப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உதவித்தொகை வழங்கும் உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு! காய்ச்சலைக் கண்டறியும் கருவியைச் செய்தவர்களே நோயைப் பற்றி அஞ்ச நேர்ந்தது எவ்வளவு வேதனை!

மூன்று உலோகங்களின் கூட்டு

மாற்று எங்கிருந்து வந்தது? காலியம் 29.8 டிகிரி செல்சியசில் உருகும். உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடும். நம் மண்ணூரின் சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தாலே உருகிவிடும். பாதரசம் போல அது ஆவியாகி மூச்சில் கலப்பதில்லை. எனினும் காலியத்தை மட்டும் குழாயில் அடைத்தால், குளிர்ந்த அறையில் உறைந்துவிடும். உறையும்போது நீரைப் போலவே விரிந்து கண்ணாடியை உடைத்துவிடும்.

இங்கேதான் கலவையின் மகிமை தெரிகிறது. ஐஸ் கட்டியில் உப்பைப் போட்டால் அது பூச்சியத்துக்கும் கீழான குளிரில் உருகுவதை ஐஸ்கிரீம் செய்பவர்கள் அறிவார்கள். உலோகங்களும் அவ்வாறே. இண்டியம் உருகுவது ஏறத்தாழ 157 டிகிரியில். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். நூறு பங்கில் காலியம் 68.5, இண்டியம் 21.5, வெள்ளீயம் 10 என்று கலந்தால், மூன்றினும் குறைந்த வெப்பத்திலேயே நீர்மமாக இருக்கும் வெள்ளி நிறக் கலவை கிடைக்கிறது. மூன்றின் பெயரையும் சேர்த்துக் காலின்ஸ்டான் என்றார்கள். 1990-களில் ஜெர்மனியில் இதைக் கொண்டு காய்ச்சல் வெப்பமானி செய்யத் தொடங்கினார்கள். எண்ணிப் பாருங்கள்: ஒன்று மெண்டலீவ் முன்னறிவித்த உலோகம், மற்றொன்று அவர் எடையைத் திருத்தி இடம் கொடுத்த உலோகம், மூன்றாவது நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படுத்திய உலோகம்.

குறைகளும் உண்டு. இக்கலவை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குழாயின் உட்புறத்தில் காலியம் ஆக்சைடு பூச வேண்டும். விலை அதிகம். அலுமினியத்தின் மேல் பட்டால் அதை உதிர்ந்துபோகச் செய்யும். எனினும் மனிதர்க்கு நஞ்சாவது மிகக் குறைவு. மினமாட்டாவின் பெயரால் 2013-இல் ஏற்பட்ட உலக ஒப்பந்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதில் முறைப்படி இணைந்தது. பாதரச வெப்பமானி உற்பத்தியை நிறுத்த அது குறித்த ஆண்டு 2020. சில நாடுகள் கூடுதல் காலம் பெற்றன. மின்கலத்தில் இயங்கும் வெப்பமானியும் இன்று பரவலாகிவிட்டது.

நம் ஊரும் அந்த அட்டவணையும்

மண்ணூரில் வாழும் நமக்கு இந்த உலோகங்கள் அயலார் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணாடி ஆலையில், உருகிய கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து சமதளமாகப் பரவுகிறது. சைபீரியாவில் ஒரு தாய் நடத்திய கண்ணாடி உலையின் நினைவு நமக்கு வராமல் போகுமா? நம் வட்டாரத்தில் ஒன்றுசேர்க்கப்படும் கைபேசிகளின் தொடுதிரையில் இண்டியமும் வெள்ளீயமும் சேர்ந்த மெல்லிய படலம் உண்டு. பாதரச ஆவி அடைத்த டியூப் லைட்டுக்குப் பதிலாக வந்த எல்.இ.டி. விளக்கில் காலியமும் இண்டியமும் உண்டு. தெர்மாமீட்டரில் நடந்த மாற்றமே விளக்கிலும் நடந்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உள்ள ஆலைகளுக்குப் பேருந்தில் செல்லும் தொழிலாளருள் நம் அக்காமாரும் அன்னையரும் எத்தனையோ பேர். நாளை நம்முள்ளும் பலர் செல்வோம். காலியம் கண்டுபிடிக்கப்பட்டது 1875-இல். கொடைக்கானல் ஆலை வந்தது அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் பின்னால். பொருள் உலகில் இருந்தால் மட்டும் போதாது; கையாளும் பொருள் எது, அது உடலுக்கு என்ன செய்யும், அதற்கு மாற்று உண்டா என்று கேட்பவர் வேண்டும். கேட்பதற்குப் படிப்பு வேண்டும். படிப்போடு துணிவும் வேண்டும்.

வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் சன்னல்களைத் திறந்து வைப்போம். துடைப்பத்தால் கூட்டாமல், கையால் தொடாமல், தடித்த அட்டையால் துளிகளைத் திரட்டி மூடியுள்ள புட்டியில் இட்டுப் பெரியவர்களிடம் ஒப்படைப்போம்.

அன்புத் தோழியரே! தெரியாததைத் தெரிந்ததுபோல் நிரப்பிவிடாமல், இங்கே ஒன்று குறைகிறது என்று எழுதி வைத்த நேர்மையே மெண்டலீவின் பெருமை. அந்த நேர்மைக்குப் பின்னால், எரிந்துபோன ஆலையின் சாம்பலிலிருந்து எழுந்து மகனைக் கல்விக்கு அழைத்துச் சென்ற ஒரு பெண்ணின் உறுதி இருக்கிறது. நம் ஏட்டிலும் காலிக் கட்டங்கள் இருக்கட்டும். அவற்றை மறைக்காமல், உழைத்து நிரப்புவோமாக!